மானியம் நீங்கிய காப்புறுதி
இலவச வைத்தியத்துக்குப் பழகிய நமக்கு ஐக்கிய அமெரிக்காவின் சுகாதாரக் காப்புறுதி முறை விந்தையாகவே தோன்றும். அங்கு முதலாளிவழிக் காப்புறுதி கிட்டாத கமக்காரரும் சிறுகடைக்காரரும், 2010 ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த சந்தையில் தாமே அதனை வாங்குவர். நடுத்தரத் திட்டமொன்றின் கட்டுப்பணம் வருமானத்தில் நூற்றுக்கு 8.5 பங்கை மிஞ்சாதவாறு 2021 இல் அரசு மானியத்தைப் பெருக்கியது. அப்பெருக்கம் 2025 முடிவில் காலாவதியாயிற்று. பழைய வரம்பு மீண்டது. 2026 ஆம் ஆண்டுக்குத் தனியாள் ஒருவர் 62,600 டொலருக்கு மேல் ஒரு டொலர் ஈட்டினும் மானியம் முழுவதையும் இழப்பார்.

மிகவும் இரங்கத்தக்கவர் அறுபதைக் கடந்தோரே என்பது நம் கருத்து. அவர்க்கு இளைஞரின் மும்மடங்கு வரை கட்டணம் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. அரசின் முதியோர் காப்புறுதியோ அறுபத்தைந்திலேயே தொடங்கும். விலை தாங்காது உடல்நலமுடையோர் விலகின் நோயாளரே மிகுதியாய் எஞ்சுவர். அதனால் அடுத்த ஆண்டின் கட்டுப்பணமும் ஏறும்.