உங்களுக்குத் தெரியுமா? பதிவேட்டில் ‘இரைப்பை அழற்சி’

குடிப்பழக்கத்தை வியாதியென்று கருதாமல் ஒழுக்கக்கேடென்றே உலகம் இகழ்ந்துவந்த காலத்தில், 1939ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், செயின்ட் தாமஸ் என்னும் கத்தோலிக்கப் பொது வைத்தியசாலையில் நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவைக் கவனித்துவந்த சகோதரி இக்னேஷியா, தாமும் குடியினின்று மீண்டவரான டாக்டர் பாப் ஸ்மித்தின் வேண்டுகோளுக்கிணங்கி, ஒரு குடிநோயாளியைக் கடுமையான இரைப்பை அழற்சியென்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையார் செய்ததைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனைய நோயாளிகளுக்குரிய கட்டிலும் சிகிச்சையும் கருணையும் குடிநோயாளிகளுக்கும் உரியனவே. நாளடைவில் அங்கே அவர்களுக்கெனத் தனிப்பிரிவே உண்டாயிற்று. குடிநோயாளிகளையும் மற்ற நோயாளிகளைப் போலவே பொது மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று அமெரிக்க மருத்துவச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது 1956இல்தான்.