கேசட்டில் இருக்கும் குரலைக் கணினிக்கு மாற்றுவோம்

பரணில் கிடக்கும் கேசட் பெட்டியை இறக்கிப் பார்த்தால் இரண்டு வகை இருக்கும். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுகள் ஒரு வகை. அவற்றில் பெரும்பாலானவை இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. மற்றது நாமே பதிந்தவை: கல்யாணத்தில் வாசித்த நாகசுரம், பாட்டி பாடிய தாலாட்டு, வளைகுடாவில் வேலை பார்த்த அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல். இவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. முதலில் காப்பாற்ற வேண்டியவை இவைதான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் அடிப்படை எளியது. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. ஒலி மின்சாரமாகி, டேப் ரிக்கார்டரின் ஹெட் வழியாக அந்தப் பூச்சில் காந்தத் தடமாகப் பதிகிறது. கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்தத் தடம் சீக்கிரம் அழியாது. பூச்சை ஒட்டவைத்திருக்கும் பசையும், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு திண்டும்தான் முன்னதாகக் கெடும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை ஓட்டாதீர்கள். ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தனியே வைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டுக்கும் சில முன்வேலைகள் உண்டு. மேல் விளிம்பின் இரு ஓரங்களிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது. பென்சிலைச் செருகி நாடாவின் தொய்வை இறுக்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை ஹெட்டைத் துடையுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காத வேலை. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அதிர்வுக்கு அதில் கிடைக்கும் இடம் 5 மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு. ஹெட்டில் உள்ள நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் துளி சாய்ந்தாலும் இந்த உயர் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி கேட்கும்; ஜால்ராவின் கிணுகிணுப்பு கேட்காது. பிறகு கணினியில் டிரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். ஹெட்டின் ஓரத்தில், அடியில் சுருள்வில் உள்ள திருகுதான் இந்தச் சாய்வைச் சரிசெய்யும். பாட்டு ஓடும்போதே சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதை மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வெவ்வேறு கருவியில் பதிந்ததாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

டேப் ரிக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து, லைன் இன் வசதியுள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி வழியாகக் கணினிக்கு இணைப்புக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளை இதற்கு ஏற்றதல்ல. பதிவுசெய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பதிவு சுமார் 1 ஜிபி வரும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். அளவு மீறி வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. இந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாதீர்கள். அதைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, போனில் கேட்பதற்கு எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. அந்த ஒரு மணி நேரமும் வீட்டுப் பெரியவர்களை அருகில் உட்கார வையுங்கள். பாடுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். அந்த விவரம் நாடாவில் பதிவாகியிருக்காது. அவர்களுக்கு மட்டுமே தெரியும்.