துடுப்பும் உடையும் ஈயமும்

பெங்களூருக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பீடபூமியின்மீது அமைந்த நகரம் இது. ஆயினும் இந்நகரத்து இளைஞர் பலர் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறி, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கடந்து முருடேசுவரம் சென்று, அங்கிருந்து படகில் 19 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நேத்ராணித் தீவை அடைந்து, கடலுள் மூழ்கி வருகின்றனர். அல்சூரிலும் பிற பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். ஒருமுறை சென்று வந்தவர் மறுமுறை தமக்கெனக் கருவிகள் வாங்க விரும்புகின்றனர். விலையோ மிகுதி. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, வாங்குவதை எவ்வாறு தேர்வது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன.

மூழ்குதல் இருவகைப்படும். காற்றடைத்த உருளையை முதுகில் தாங்கி, நீருக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டு உலவுவது ஸ்கூபா. மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சுடன் இறங்கி ஏறுவது மற்றொன்று. அதை மூச்சடக்கி மூழ்குதல் எனலாம். இவ்விரண்டாம் வகை தமிழருக்குப் புதிதன்று. கொற்கை முத்தைப் பற்றிக் கிறித்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மாலுமியொருவர் எழுதி வைத்துள்ளார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்தில் நிகழ்ந்த இறுதிப் பெருங்குளிப்பு வரிசை அதுவே.

அக்காலத்து முத்துக்குளிப்பவரிடம் இருந்த கருவிகள் மிகச் சில: இடுப்பில் ஒரு துணி, சிப்பி இடுவதற்கு ஒரு வலைப்பை, கயிற்றில் கட்டிய ஒரு கனத்த கல். கல்லின்மீது காலை ஊன்றியதும் அது அவரை விரைவாகப் பாருக்கு இறக்கிவிடும். அடிக்குச் சென்றதும் அவர் கல்லை விட்டுவிடுவார்; தோணியிலிருக்கும் துணைவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். பிறகு அவர் சிப்பிகளை அள்ளி, கயிற்றை அசைத்து அறிவித்து, கல்லின் சுமையின்றி மேலே வருவார். இறங்கும்போது கனம், ஏறும்போது இலேசு. இந்த ஏற்பாட்டிலுள்ள அறிவை நாம் வியக்காமல் இருக்க இயலாது. இன்று மூழ்குபவரோ இடுப்பில் கட்டிய ஈயத்தை இறங்கும்போதும் சுமக்கிறார், ஏறும்போதும் சுமக்கிறார். ஆதலின் அவர் கட்டும் எடை முத்துக்குளிப்பவரின் கல்லைப்போல் இருத்தலாகாது. அளந்து, ஆய்ந்து, கூடியமட்டும் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

ஈயம் எதற்கு என்பதை அறிய, முதலில் உடையைப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் வெட்சூட் என்று கூறும் உடை நியோபிரீன் என்னும் செயற்கை இரப்பரால் ஆனது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஹியூ பிராட்னர் இதனை வகுத்தார். இந்த இரப்பரினுள் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டுள்ளன. நீர், காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். அதனைத் தடுப்பவை இக்குமிழிகளே. ஆனால் குமிழி மிதக்கும். உடையணிந்தவரையும் மிதக்க வைக்கும். அந்த மிதப்பை ஈடுசெய்யவே ஈயம் கட்டுகிறோம்.

ஆழம் 10 மீட்டர் ஆனதும் அழுத்தம் இரு மடங்காகும். குமிழியிலுள்ள வாயு பாதியாகச் சுருங்கும். மேற்பரப்பில் மிதந்த அதே உடை அடியில் மிதப்பை இழக்கிறது. ஈயமோ குறைவதில்லை. ஆகவே, மேலே சரியாகத் தோன்றிய எடை கீழே மிகையாகி மூழ்குபவரை மேலும் கீழே இழுக்கிறது. உடை தடிமனாக ஆக இந்த வேறுபாடு பெரிதாகும். நேத்ராணியின் நீர் வெதுவெதுப்பானது. அங்கு 3 மில்லிமீட்டர் உடையே போதும். குளிர்நாட்டுக் கடல்களுக்கென்று செய்த தடித்த உடையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர், வெப்பத்தில் வாடுவதோடு வேண்டாத ஈயத்தையும் சுமக்க நேரிடும்.

உடை உடலோடு ஒட்டி இருத்தல் வேண்டும். இடுப்பின் பின்புறத்திலும் அக்குளிலும் இடைவெளி இருப்பின் நீர் உட்புகுந்து சுழன்று குளிரூட்டும். மடிப்புகள் நீரை எதிர்த்துத் தடையும் செய்யும். எனினும் இறுக்கத்திற்கும் எல்லை உண்டு. உடையை அணிந்தபின் மார்பு முழுவதும் விரிய மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். இயலாவிடில் சிறிய அளவு. கழுத்துப்பட்டை நெரிப்பதாயின் அவ்வுடையை எடுத்தலே கூடாது. கழுத்து நாளங்கள் அழுந்தினால் மயக்கம் வரலாம். மூச்சடக்கி மூழ்குவோர்க்கெனத் தைக்கும் சில உடைகளின் உட்புறம் துணி ஒட்டப்படாமல் வெறும் இரப்பராகவே இருக்கும். தோலோடு நன்கு ஒட்டும். ஆயினும் சோப்பு நீர் தடவினாலன்றி உடலில் ஏறாது, நகம் பட்டால் கிழியும். தொடக்கநிலையினர்க்கு அது வேண்டுவதில்லை என்பது நம் கருத்து.

இனி எடையின் அளவு. பெங்களூரில் பயில்வோர் நீச்சற்குளத்தில்தான் முதலில் மூழ்குகின்றனர். குளத்தில் சரிபார்த்த எடையையே கடலுக்கும் கொண்டுபோவது பலரும் செய்வது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது. ஒருவர் தம் கருவிகளோடு சேர்ந்து 90 கிலோ இருப்பின், கடலில் அவருக்கு இரண்டே கால் கிலோ அளவுக்கு ஈயம் கூடுதலாக வேண்டும். கடலில் பயன்பட்ட எடையோடு குளத்திலோ ஏரியிலோ இறங்குவோருக்கு இது தலைகீழாகும். அவர் கல்லாக இறங்குவார். ஆகவே எந்த நீரில் மூழ்கப் போகிறோமோ அந்த நீரிலேயே எடையை ஆய்தல் வேண்டும். உடை மாறினாலும், உருளை மாறினாலும் மீண்டும் ஆய்தல் வேண்டும்.

ஸ்கூபாவில் மற்றொரு கணக்கும் உண்டு. காற்றுக்கும் எடை உண்டு என்பதைப் பள்ளியில் படித்தோம். இங்கே அது பயன்படுகிறது. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய உருளையில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று 50 பாராகக் குறையும்போது ஏறக்குறைய 2 கிலோ எடை கழிந்துவிடும். ஆதலால், நிறைந்த உருளையோடு அளவாக இறங்கியவர் முடிவில் மிதந்து மேலேறிவிடக் கூடும். 50 பார் எஞ்சியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், மிதப்புச் சட்டையில் ஏறக்குறையக் காற்றின்றி, ஏறாமலும் இறங்காமலும் நிற்க முடியுமாயின் எடை சரி.

மூச்சடக்கி மூழ்குவோர்க்கு ஆய்வு வேறு. இவர்களுக்கு நேரும் மயக்கங்களில் பெரும்பாலானவை ஆழத்தில் நேர்வதில்லை. திரும்பி வரும்போது, மேற்பரப்பை அணுகும் தறுவாயிலோ, தலை நீருக்கு வெளியே வந்த சில நொடிகளிலோ நேர்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைவதால் நுரையீரலிலுள்ள பிராணவாயுவின் அழுத்தமும் விரைந்து வீழ்ந்துவிடுவதே காரணம். அந்நிலையில் எடை குறைந்தவர் மிதப்பார். துணைவர் எட்டிப் பிடிக்கலாம். எடை மிகுந்தவர் ஓசையின்றிக் கீழே போய்விடுவார். அதனால் மேற்பரப்பில் இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின்னரும் மிதக்கும்படியாகவும், 10 மீட்டருக்குக் குறையாத ஆழத்திலேயே சமநிலை எய்தும்படியாகவும் எடை கட்டுவது வழக்கம். கீழே செல்ல இன்னும் சிறிது உழைக்க வேண்டியிருக்கும், உழைக்கட்டும். மூழ்குமுன் பன்முறை வேகமாக மூச்சிழுத்து விடுவதும் கேடு. மூச்சுவிட வேண்டுமென்று உடல் தரும் எச்சரிக்கையை அது அடக்கிவிடும். தனியே மூழ்குவது எவ்வகையிலும் ஆகாது. தூத்துக்குடிப் பாரில்கூடத் தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தவாறு நின்றாரன்றோ?

எடைக்கச்சையில் நாம் நோக்க வேண்டியது அதன் கொக்கி. ஒரு கையால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அழகான கச்சைக்கு அவிழாத கொக்கியிருந்தால் கடையிலேயே விட்டுவிடலாம். மூச்சடக்கி மூழ்குவோர் நெகிழும் இரப்பர்க் கச்சையை இடையில் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் அணிவர். ஆழத்தில் வயிறும் உடையும் சுருங்கும்போது நைலான் கச்சை தளர்ந்து நழுவும், இரப்பர் நழுவாது.

துடுப்புக் காலணிக்கு வருவோம். 1933-இல் பிரெஞ்சுக்காரரான லூயி தெ கோர்லியே இதற்குக் காப்புரிமை பெற்றார். நீரில் வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். எனவே காலை அடித்து வேகம் கூட்டுவதைவிட உடலை மெலிந்த கோடாக்குவதே சிக்கனம். குழாய்களை உடலோடு சேர்த்துச் செருகுவதும், தொங்கும் பொருள்களைக் களைவதும், கால் தாழாதபடி ஈயத்தைப் பங்கிட்டு வைப்பதும் விலையுயர்ந்த துடுப்பு தராத பயனைத் தரும்.

மூச்சடக்கி மூழ்குவோர் நீண்ட துடுப்பை விரும்புவர்; மெதுவான அடிக்கு மிகுந்த உந்துதல் தரும். கார்பன் இழையால் ஆனவை இலேசானவை. ஆனால் விலை அதிகம், பாறையில் மோதினால் உடையும். நேத்ராணி பாறை நிறைந்த இடம். போதாக்குறைக்கு, நெடுந்துடுப்பின் நுனி பவழத்தையும் நொறுக்கும். பிளாஸ்டிக்கால் ஆன நடுத்தர விறைப்புடைய துடுப்பே முதலில் போதும். விறைப்பு மிகுந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஸ்கூபாவுக்குக் குறுகிய துடுப்பே ஏற்றது. கரையிலிருந்து கற்களின்மேல் நடந்து இறங்குவோருக்கு மிதியடியோடு அணியும் திறந்த குதிகால் வகை நல்லது. படகிலிருந்து இறங்குவோருக்கு முழுப்பாத வகை போதும். நெடுந்துடுப்பு இரவுப் பேருந்தில் எங்கே அடங்கும் என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்கலாம்.

பணம் அளவாக இருப்போர் முதலில் முகக்கண்ணாடியும், காலுக்குப் பொருந்திய துடுப்பும் வாங்கலாம், அடுத்து உடை. ஈயத்தை வாங்கிச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை, படகுக்காரர்களே தருவர்.

நம் நகரத்தவர் மட்டும் கருத வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. ஸ்கூபாவில் மூழ்கியவர் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்திற்குச் சென்றால் அது குமிழியாகி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும். விமானத்திற்கு மட்டுமே இவ்விதி என்று பலர் நினைக்கின்றனர். 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கும் இது பொருந்தும் என்பதே மூழ்குநர் மருத்துவத்தின் அறிவுரை. மலைத்தொடர் ஏறி வரவேண்டிய பெங்களூரோ 900 மீட்டருக்கு மேல் உள்ளது. ஒரே முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரமும் கரையிலேயே தங்கிப் பின்னர் புறப்பட வேண்டும். ஞாயிறு நண்பகல் வரை மூழ்கி அன்றிரவே பேருந்து ஏறுவோரின் கணக்கில் இந்த நேரம் அடங்குவதில்லை. சனிக்கிழமையோடு மூழ்குதலை முடித்து, ஞாயிற்றுக்கிழமையை உடையை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துவதற்கும் கோயிலைக் காண்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.