கூறு மரம் (கணினி உதவு வடிவமைப்பு)

கூறு மரம் என்பது, கணினி உதவு வடிவமைப்பு மென்பொருள்களில் ஒரு முப்பரிமாண மாதிரி எந்தெந்தக் கூறுகளால், எந்த வரிசையில் உருவாக்கப்பட்டது என்பதைக் காட்டும் படிநிலைப் பட்டியல் ஆகும். ஆங்கிலத்தில் இது ஃபீச்சர் ட்ரீ எனப்படுகிறது. ஒரு வரைவை உயர்த்தித் திண்மமாக்குதல், துளையிடல், விளிம்பை உருட்டுதல் போன்ற செயல்கள் ஒவ்வொன்றும் ஒரு கூறு எனக் கொள்ளப்படும். மாதிரியைத் திருத்த விரும்பும் பயனர், உரிய கூறினை இம்மரத்தில் கண்டறிந்து அதன் அளவுகளை மாற்றுவார். மென்பொருள் மாதிரியை மீண்டும் கணித்து வரையும். எனவே மரம் ஒழுங்கற்றிருந்தால், மாதிரியை உருவாக்கியவரே சில மாதங்களுக்குப் பின் அதைத் திருத்த இயலாமல் போகக்கூடும்.

வரலாறு

1963 இல் ஐவன் சதர்லாந்து எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல், கோடுகளுக்கிடையே வடிவியல் கட்டுப்பாடுகளை விதிக்க வழிசெய்தது. சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985 இல் தொடங்கிய நிறுவனம் 1980களின் இறுதியில் வெளியிட்ட புரோ/எஞ்சினியர், கூறுகளின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட அளபுரு வடிவமைப்பைப் பரவலாக்கியது. இதுவே பின்னர் கிரியோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1995 இல் விண்டோசு இயங்குதளத்துக்கென வெளிவந்த சாலிட்வொர்க்சு இம்முறையைத் தனிநபர் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. திறந்த மூல மென்பொருளான ஃப்ரீகேட் 2002 முதல் கிடைக்கிறது.

வரிசையும் தாய்-சேய் உறவும்

மரத்தில் கூறுகளின் வரிசை இன்றியமையாதது. ஒரு பெட்டியின் விளிம்புகளை உருட்டிய பின் அதன் உட்புறத்தைக் குடைந்தால் உள் மூலைகளும் வளைந்திருக்கும். குடைந்த பின் வெளி விளிம்புகளை மட்டும் உருட்டினால் உள் மூலைகள் கூர்மையாகவே இருக்கும்.

ஒரு கூறு, தனக்கு முன் உள்ள கூறு ஒன்றின் முகத்தையோ விளிம்பையோ சார்ந்து வரையப்பட்டால், முன்னது தாய்க்கூறு எனவும் பின்னது சேய்க்கூறு எனவும் அழைக்கப்படும். தாய்க்கூறு மாறினால் சேய்க்கூறும் மாறும். தாய்க்கூறினை நீக்கினால் சேய்க்கூறும் உடன் நீங்கும் அல்லது பிழை காட்டும்.

எடுத்துக்காட்டு: செட்டிநாட்டு வீட்டின் வளவு

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காணப்படும் செட்டிநாட்டு வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனப் பல பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. வளவின் நடுவில் திறந்த முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் இருக்கும். ஓட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும்.

இத்தகைய வளவு ஒன்றை வடிவமைப்பதாகக் கொள்வோம். முற்றத்தின் நீளம் 12 மீட்டர். அந்நீளப் பக்கத்தில் 2 மீட்டர் இடைவெளியில் தூண்கள் நிறுத்தப்படுகின்றன. ஒரு தூணை மட்டும் வரைந்து, அதை வரிசையாகப் படியெடுக்கும் கூறினைப் பயன்படுத்தினால் போதும். மூலைத் தூண்கள் உட்பட அப்பக்கத்தில் 7 தூண்கள் அமையும். தூண்களின் எண்ணிக்கையை நீளத்திலிருந்து கணக்கிடும் சமன்பாடு கொடுக்கப்பட்டிருந்தால், நீளத்தை 14 மீட்டராக மாற்றியவுடன் 8 தூண்கள் தாமாகவே தோன்றும்.

இங்குத் தூணின் இடம் எதைச் சார்ந்து குறிக்கப்பட்டது என்பது முக்கியமாகும். தரையின் விளிம்பைச் சார்ந்து குறித்திருந்தால், பின்னர் அவ்விளிம்பில் ஒரு படி வெட்டப்படும்போது பழைய விளிம்பு மறைந்து தூண் தன் பற்றுக்கோட்டை இழக்கும். தூண்களைச் சார்ந்த உத்தரமும் கூரையும் தொடர்ந்து பிழை காட்டும். முற்றத்தின் முதல் வரைவையோ அடிப்படைத் தளங்களையோ சார்ந்து குறித்திருந்தால் இத்தொல்லை நேராது.

ஒழுங்குபடுத்தும் முறைகள்

- பெயரிடல்: மென்பொருள் தானாக இடும் "பேட்001", "பாக்கெட்003" போன்ற பெயர்கள் எதையும் உணர்த்துவதில்லை. "வளவுத் தூண்", "கூரைச் சரிவு" எனப் பெயரிட்டால் பிறரும் புரிந்துகொள்வர்.
- குழுவாக்கல்: தொடர்புடைய கூறுகளைக் கோப்புறைகளில் தொகுக்கலாம். மேற்கண்ட வீட்டுக்குக் கட்டு வாரியாகத் தொகுப்பது இயல்பானது.
- வரிசைப்படுத்தல்: அடிப்படை வரைவுகள் முதலிலும், விளிம்பு உருட்டல் போன்ற அழகூட்டும் கூறுகள் இறுதியிலும் இருப்பது நலம். இறுதியில் உள்ளவற்றைச் சார்ந்து வேறு கூறுகள் இரா.
- பிரித்தல்: மிகப் பெரிய மாதிரியை ஒரே மரமாக வளர்க்காமல், தனித்தனி உறுப்புகளாக அமைத்துப் பின் ஒன்றிணைக்கலாம்.

மரத்தில் தேடுதல்

திரையில் மாதிரியின் ஒரு முகத்தைச் சொடுக்கினால், அதை உருவாக்கிய கூறு மரத்தில் முனைப்பாகக் காட்டப்படும். பல மென்பொருள்களில் பெயரைக் கொண்டு கூறுகளை வடிகட்டவும், ஒரு கூறின் தாய், சேய் கூறுகளைப் பட்டியலிடவும் முடியும். சாலிட்வொர்க்சில் மரத்தின் அடியிலுள்ள பட்டையை மேலே இழுத்தால், மாதிரி அந்நிலையில் எவ்வாறு இருந்தது என்பதைக் காணலாம். ஒரு கூறினை நீக்காமல் தற்காலிகமாக முடக்கிவைக்கவும் இயலும். பிறர் உருவாக்கிய மாதிரியைப் புரிந்துகொள்ள இவ்விரண்டும் பெரிதும் உதவுகின்றன.

குறைபாடுகள்

மாதிரி மீண்டும் கணிக்கப்படும்போது முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் தானே இடும் அடையாளங்கள் மாறிவிடுவதுண்டு. அப்போது சேய்க்கூறு தவறான விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம். இது இடத்தியல் பெயரிடல் சிக்கல் எனப்படுகிறது. ஃப்ரீகேட் பயனர்களை நெடுங்காலம் வருத்திய இச்சிக்கலைப் பெருமளவு குறைக்கும் வழிமுறை, 2024 நவம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் தேவையற்ற சார்புகளைத் தவிர்ப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பாகவே உள்ளது.

கூறு வரலாறு இன்றி முகங்களை நேரடியாக இழுத்து மாற்றும் நேரடி மாதிரியாக்க முறையும் உண்டு. அதில் மரம் உடையும் அச்சம் இல்லை. ஆனால் வடிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் காரணம் மாதிரியில் பதிவாவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- கணினி உதவு வடிவமைப்பு
- திண்ம மாதிரியாக்கம்
- ஃப்ரீகேட்
- செட்டிநாடு