டாக்டருக்கும் கடைக்கும் நடுவே ஒருவர்

எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் அந்த போர்டு கண்ணில் படும்: ‘கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை இலவசம்’. உள்ளே தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, நெற்றியை ஒட்டிவைக்க ஒரு பட்டை. குனிந்து பார்த்தால் சாலைக் கோடியில் ஒரு பலூன் மங்கலாகித் தெளியும். சில நொடிகளில் பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு சீட்டு வெளியே வரும். பவர் தயார். இதில் இலவசம் என்பது உண்மை. பரிசோதனை என்பதில்தான் சந்தேகம்.

அந்த இயந்திரத்துக்கு ஆட்டோரெஃப்ராக்டர் என்று பெயர். அதைக் குறை சொல்வதற்கில்லை. பெரிய மருத்துவமனைகளிலும் முதல் கணக்கை அதுதான் போட்டுத் தருகிறது. ஆனால் அது முதல் கணக்கு மட்டுமே. அதிலும் பிள்ளைகளிடம் சுலபமாக ஏமாந்துபோகும். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளசு. கருவிக்குள் தெரியும் படத்தைப் பக்கத்துப் பொருளாக எண்ணி அது தன்னையறியாமல் குவிந்துகொள்ளும். இயந்திரமோ அதைக் கிட்டப்பார்வை என்று எழுதிவிடும். சீட்டை அப்படியே நம்பினால், தேவையில்லாத மைனஸ் கண்ணாடி அந்தப் பிள்ளையின் மூக்கில் ஏறும். இந்தத் தவற்றைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் கண் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடி விற்பவராக மட்டும் இருந்தால் போதாது. அவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். நம்மில் பலரும் அவர் முன்னால் உட்கார்ந்திருப்போம், ‘டாக்டர்’ என்றோ ‘தம்பி’ என்றோ ‘மேடம்’ என்றோ கூப்பிட்டிருப்போம். என்ன படித்தவர் என்று கேட்டிருக்க மாட்டோம்.

டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயா, 1985-ல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கியது. பட்டம் வழங்க முதலில் பிட்ஸ் பிலானி கைகொடுத்தது, பின்னாளில் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகம். நெடுங்காலம் பரங்கிமலையில் இயங்கிய இந்தப் பள்ளிதான் நான்காண்டு ஆப்டோமெட்ரிப் பட்டம் இந்தியாவில் வேரூன்றக் காரணமான முன்னோடிகளில் ஒன்று. அதற்கு முன் இந்தப் படிப்பே இங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1958-லேயே அலிகரிலும் ஹைதராபாத்திலும் இரண்டாண்டு டிப்ளமோ வந்துவிட்டது. என் பார்வையில், டிப்ளமோ டாக்டருக்கு ஒத்தாசையாக ஒருவரைத் தரும். பட்டம் தான் சொன்னதற்குத் தானே பொறுப்பேற்கும் ஒருவரைத் தர முயல்கிறது. நான்கில் மூன்று ஆண்டு வகுப்பும் கிளினிக்குமாகப் போகும். கடைசி ஆண்டு முழுக்க நேரடிப் பயிற்சி.

இந்தப் படிப்பின் உயிர்நாடியைப் பார்க்க வேண்டுமானால் ரெட்டினாஸ்கோப் பழகும் மாணவரைப் பார்க்க வேண்டும். டார்ச் போன்ற கைக்கருவி. அதிலிருந்து மெல்லிய ஒளிக்கோடு ஒன்று கிளம்பும். விளக்கைக் குறைத்த அறையில், ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் அந்தக் கோட்டைப் பாய்ச்சி இப்படியும் அப்படியும் அசைப்பார்கள். கண்பாப்பாவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளி எழும். கோடு போகும் திசையிலேயே அந்த ஒளியும் போனால் ‘வித்’. எதிர்த்திசையில் போனால் ‘அகெய்ன்ஸ்ட்’. வித் என்றால் ப்ளஸ் லென்ஸ், அகெய்ன்ஸ்ட் என்றால் மைனஸ் லென்ஸ் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் ஒளி எந்தப் பக்கமும் ஓடாமல் பாப்பா மொத்தமும் ஒரே நேரத்தில் பளிச்சிடும். கைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்துக்காக ஒரு கழித்தல் உண்டு: 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 1.50. கழித்தால் பவர் கிடைத்துவிடும். கோடு சாய்ந்து தெரிந்தால் சிலிண்டர் பவர் இருக்கிறது. இன்னொரு திசையிலும் இதையே செய்ய வேண்டும்.

படிக்க எளிது. முதலில் பொம்மைக் கண்ணில் பழகுவார்கள். பொம்மை அசையாது, கண் சிமிட்டாது, அம்மா மடிக்குத் தாவாது. நிஜக் குழந்தை அத்தனையும் செய்யும். ஆனால் அந்தக் குழந்தைக்குத்தான் இந்தக் கலை அதிகம் தேவை. எழுத்து தெரியாத, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத வயது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமிருந்து அதைச் சின்ன வயதிலேயே கவனிக்காமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைச் சட்டை செய்யாமல் ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்களே, அது இப்படியும் வரும். பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் பார்வையை முழுதாக மீட்பது கஷ்டம்.

எழுத்துப் பலகையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஹாலந்து டாக்டர் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்ட பலகையின் வாரிசுகள்தான் இன்றும் சுவரில் தொங்குகின்றன. இப்போது ஆய்வாளர்கள் கையாள்வது லாக்மார் பலகை: வரிக்கு ஐந்து எழுத்து, வரிக்கு வரி ஒரே விகிதத்தில் அளவு குறையும், ஒரு வரியிலுள்ள எழுத்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கடினம். கடைசி நிபந்தனைதான் தமிழில் உதைக்கும். ‘ட’வுக்கு இரண்டே கோடு, ‘ண’வுக்கு எத்தனை சுழி! சின்ன அளவில் முன்னது பார்த்ததும் புரியும், பின்னது புள்ளியாய்க் குழம்பும். ஒரே வரியில் இரண்டையும் போட்டால் நாம் அளப்பது கண்ணையா, எழுத்தையா? எலைட் பள்ளியைச் சேர்ந்தவர்கள் இதற்காகவே தமிழ் எழுத்துகளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து ஒரு லாக்மார் பலகையை உருவாக்கி, 2009-ல் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு E எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்வதைவிட இது மரியாதையான வழி என்பது என் எண்ணம்.

பலகையில் கடைசி வரிவரை படித்துவிடும் பிள்ளையிடமும் குறை இருக்கலாம். பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் எழுத்து இரண்டாகும், வரி தாவும், தலை வலிக்கும். வீட்டில் ‘படிக்கச் சோம்பல்’ என்று திட்டு விழும். தமிழகத்தில் 7 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நேத்ராலயா குழுவினர் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நகரமானாலும் கிராமமானாலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி இருகண் ஒத்துழைப்புக் கோளாறு ஏதோ ஒன்று இருந்தது. இதை ஆட்டோரெஃப்ராக்டர் சொல்லாது. பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து எங்கே இரண்டாகிறது என்று பொறுமையாகப் பார்ப்பவர்தான் சொல்வார்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்துக்கு இவ்வளவு வித்தை தேவையில்லை. ஆனால் அதன் பலன் பெரிது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், பறித்த கொழுந்து 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது. 2018-ல் வந்த ஆய்வு இது. அவர்களைத் தேடிப் போய்க் கண்ணைப் பார்க்க யாராவது வேண்டுமே, அதுதான் கேள்வி.

இவ்வளவு படித்தவருக்குச் சட்டம் என்ன இடம் கொடுத்தது? அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1901-லேயே ஆப்டோமெட்ரிக்குச் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது 2021-ல். இடையே 120 ஆண்டுகள்! அதுவரை நான்காண்டு படித்தவரும், கடையில் ஆறு மாதம் கூடமாட நின்று தொழில் கற்றவரும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுதான். புதிய சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாடத்திட்டத்துக்கு ஒரே தரம், தொழில் செய்ய முறையான பதிவு என்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வருகிற வரை நாமே சிலவற்றைக் கவனிக்கலாம். பரிசோதிப்பவர் சீட்டை மட்டும் பார்த்தாரா, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாரா? கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்து, இரண்டும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்த்தாரா? சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது கண் நீரழுத்தம் உண்டா என்று விசாரித்தாரா? பவர் மாற்றியும் பார்வை தெளியாதபோது ‘இது கண்ணாடி சமாச்சாரம் இல்லை, டாக்டரிடம் போங்கள்’ என்று அனுப்பினாரா? கடைசியாக, ‘நீங்கள் ஆப்டோமெட்ரி படித்தவரா?’ என்றும் கேட்டுவிடலாம். படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.