பெட்டி புதுசு, ரப்பர் பழசு

உள்ளே விட்டுவிட்டார்கள்! வ.உ.சி. துறைமுக வாசலில் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கடலோரக் காவல்படைக் கப்பலின் ஏணியில் செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி என் கூடவே வாருங்கள். மேல்தளத்துப் பீரங்கியை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்களே. நாம் இறங்குவது கீழே, உதிரிபாக ஸ்டோருக்கு.

ஸ்டோரா அது! எண்ணெய்த் தாள், கிழித்துப் போட்ட அட்டைப் பெட்டிகள், நடுவே பாதி தின்ற மக்ரூன் பொட்டலம். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சரக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக்கார அண்ணாச்சி நகத்தைக் கடித்தபடி நிற்கிறார்.

ஸ்டோர் பொறுப்பாளர் ஒரு ஓ-ரிங் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். எந்தக் காலாண்டில் செய்த ரப்பர் என்று அதில் அச்சிட்டிருக்கும். விரல் மடக்கி எண்ணுகிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"அண்ணாச்சி, பெட்டி புதுசு, ரப்பர் பழசு."

"கம்பெனி சீலு அப்படியே இருக்குல்லா சார்?"

"சீலைக் கொண்டுபோய் இன்ஜின்ல மாட்டவா?"

இளம் மாலுமிகள் இருவர் சிரிப்பை அடக்கப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள்.

அடுத்தது ஒரு புஷ். அதன் துளைக்குள் எஃகு கேஜை விடுகிறார்கள்: ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையவே கூடாது. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அந்தக் காலத்து வியாபாரிகளும் பித்தளைச் சல்லடையில் சலித்துத்தான் முத்தைத் தரம் பிரித்தார்கள். வியாபாரி வாயைவிடத் துளையை நம்புவது இங்கே பழைய வழக்கம்.

பேரிங் பெட்டி வந்ததும் அரட்டை நின்றது. ஏன் என்று காதோடு கேட்டேன். "ஜபல்பூர் கதை தெரியாதா?" தனுஷ் பீரங்கிக்கு வந்த பேரிங்குகள் சீனாவில் செய்தவை, 'மேட் இன் ஜெர்மனி' என்று பொறித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று டெல்லி நிறுவனம் ஒன்றின் மேல் 2017-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. சான்றிதழும் போலி என்றது. பரிசோதித்து வாங்க வேண்டிய ஜபல்பூர் தொழிற்சாலையின் அலுவலர்களையும், பெயர் குறிப்பிடாமல், அதில் சேர்த்தது. எனக்குத் திகில் தந்தது இந்தப் பிற்பாதிதான்.

அதனாலோ என்னவோ, இங்கே பெட்டியைப் பிரித்தவர் ஒருவர், ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுபவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். பேரிங் தேறியது. ஓ-ரிங் திரும்புகிறது. நிராகரிப்புச் சீட்டில் கையெழுத்திடப் போனால் பேனா எழுதவில்லை. உதறினார், ஊதினார், ஊஹூம்.

அண்ணாச்சி தன் பேனாவை நீட்டினார். "இதுலயும் தேதி பாத்துக்கிடுங்க சார்!"