சோளகத்துக்கு எந்தத் தட்டு?

338 மீற்றர். 2016 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் என்ற இளைஞர் ஒரு பிளாஸ்ரிக் தட்டை எறிந்த தூரம் இது. கிரிக்கெட் ஆடுகளத்தின் நடுவே கிடக்கும் பிட்சை நீளவாக்கில் பதினேழு தடவை அடுக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு. தட்டோ கிரிக்கெட் பந்தின் எடைதான் இருக்கும். அகலம் 21 சென்ரிமீற்றர். சோற்றுக் கோப்பையிலும் சிறியது.

அது டிஸ்க் கோல்ஃப் தட்டு. அந்த விளையாட்டில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. முதல் எறிக்கு எடுக்கும் நெடுந்தூரத் தட்டை ‘டிரைவர்’ என்பார்கள்.

தூர எறிதல் நமக்குப் புதிதல்ல. சிவகங்கையின் சின்ன மருது தனக்கு வளரி என்னும் எறிதடியை எறியக் கற்றுத்தந்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் எறிந்தால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாதாம். அது 91 மீற்றர். தட்டு அதையும் தாண்டி மூன்றரை மடங்குக்கு மேல் பறப்பது எப்படி?

முதல் விடை விளிம்பில் இருக்கிறது. பழைய ஃபிரிஸ்பீக்கு மொட்டை விளிம்பு. 1983இல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ் அதைக் கத்திவாய் போலச் சரித்தார், காற்று வழிவிட்டது. விளிம்பு அகன்று கூராகக் கூராகத் தட்டின் வேகமும் கூடும். விதிகள் அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 சென்ரிமீற்றர்.

எனக்கு அதைவிட வியப்பூட்டுவது சுழற்சிதான். நல்ல எறியில் தட்டு நொடிக்கு இருபது சுற்றாவது சுழலும். வீட்டு மின்விசிறியைப்போல மூன்று நான்கு மடங்கு. சுழலும் பொருளுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: தள்ளிய பக்கம் சாயாது, அதற்குக் குறுக்கே சாயும். பம்பரம் சரிந்தும் விழாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுகிறதே, அதே குணம். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், மேலிருந்து பார்க்கத் தட்டு மணிக்கூட்டு முள்ளின் திசையில் சுழலும். வேகம் உச்சத்தில் இருக்கையில் காற்று அதன் மூக்கை அமுக்கும். தட்டு குனியாமல் வலப்பக்கம் சாயும். வேகம் தணிந்ததும் காற்று மூக்கைத் தூக்கும். இப்போது இடப்பக்கம் சாயும். முதலில் வலம், பிறகு இடம் என்று பாம்புபோல நெளியும் அந்தப் பாதைதான் தட்டை நெடுநேரம் வானில் வைத்திருக்கிறது.

புதியவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. பல தட்டுகளில் வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு என நான்கு எண்கள் பொறித்திருக்கும். வேகம் 13 என்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவார்கள். கை அந்த வேகத்தைத் தராவிட்டால் வலப்பக்கத் திருப்பமே நிகழாது. தட்டு நேரே இடப்பக்கம் சரிந்து மண்ணில் குத்தும். அவர்கள் கையில் வேக எண் 7 உள்ள தட்டுத்தான் தூரம் போகும்.

கையோடு காற்றையும் பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்து நாரந்தனையின் வெட்டவெளி ஒன்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கிறது. எதிர்காற்றில் தட்டு தன் வேகத்தைவிட விரைவாகப் போவதாகவே உணரும். அளவு மீறி வலப்பக்கம் கவிழும். அதனால் இடப்பக்கம் இழுக்கும் கனமான தட்டே வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டினால் எல்லாம் தலைகீழ்: எளிதில் வலம் திரும்பும் இலேசான தட்டை எடுத்துச் சற்று உயர்த்தி எறிய வேண்டும். விகின்ஸ் எறிந்தபோதும் காற்று முதுகுப்பக்கமிருந்தே வீசியது.